இருபத்து மூன்று விதிகளும் ஓர் ஊசியும்



குப்பையைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டா. பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு மைசூரு நகரில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களில், வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தையும் அடுத்து மிகுதியாகப் பேசப்படும் பொருள் யாது? சங்கத்து மகளிர் கூடும் இடத்தில் சற்றே காது கொடுத்தால் விடை கிடைக்கும். "இன்று எங்கள் வீட்டுப் பையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்பதே அது. ஆதலின் இதைப் பற்றி எழுதுவது தகும் என்று துணிந்தேன்.

நாங்கள் வாழும் பகுதியில் குடியிருப்போர் நலக்குழு ஒன்று இயங்குகிறது. அதில் உள்ளவர்கள் நல்லெண்ணம் படைத்தவர்கள். உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றவர்கள். ஆகவே நேரம் மிகுதியாக உடையவர்கள். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் அச்சிட்ட தாள் ஒன்றை வீடுதோறும் வழங்கினார்கள். குப்பையைப் பிரித்துக் கொடுப்பதற்கான விதிகள் அதில் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், 23 விதிகள்!

பால் உறையைக் கத்தரிக்கும்போது மூலைத் துண்டு தனியே விழாதபடி கத்தரிக்க வேண்டும். உறையை இருமுறை அலசி, கொடியில் உலர்த்தி, பத்துப் பத்தாக அடுக்கிப் புதன்கிழமை மட்டும் கொடுக்க வேண்டும். பாட்டில் வேறு, அதன் மூடி வேறு, மேலே ஒட்டிய தாள் வேறு. வெங்காயத் தோல் உலர்ந்திருப்பினும் அது ஈரக் குப்பையே. தேங்காய் ஓடு இரண்டிலும் சேராது. அதற்குத் தனிச் சாக்கு. செய்தித்தாளில் எண்ணெய் பட்டிருந்தால் ஒரு வகை. படாதிருந்தால் மற்றொரு வகை. பையின் மீது வீட்டு எண்ணை எழுத வேண்டும். அதுவும் நீல மையால். தவறினால் முதல்முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை 100 ரூபாய் அபராதம்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. பார்சல் ரசீதும் விதிப் புத்தகமுமாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்தவன். விதி என்றால் அஞ்சுபவன் அல்லேன். ஆயினும் காலை ஆறரை மணிக்கு, ஒரு கையில் பல்துலக்கியும் மறு கையில் பால் உறையுமாகக் கொடிக்கும் வாயிலுக்கும் நடையாய் நடந்த நாட்களில், என் மேசைக்கு எதிரே நின்று படிவத்தைத் திருத்தித் திருத்தி எழுதிய மக்களின் மனநிலை எனக்கு முதன்முதலாக விளங்கிற்று.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

கோவிற்பட்டியிலிருந்து என் தாயார் எங்களோடு வாழ வந்த புதிதில் இன்னல் இரட்டித்தது. தமிழ்நாட்டில் குப்பையை 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்று இரண்டாக்கிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கோ 'ஹசி கச', 'ஒண கச' என்கிறார்கள். ஈரக் குப்பை, உலர் குப்பை என்பது பொருள். சொல்லைப் பார்த்தால் நமக்கு அந்நியமன்று. நம் 'பசுமை'யும் 'பச்சை'யும் கன்னடத்தின் 'ஹசி'யும் ஒரு வேரில் கிளைத்தவை. 'உணங்குதல்' என்று பழந்தமிழ் சொல்லும் காய்தலே கன்னடத்தில் 'ஒண' ஆயிற்று. உறவுச் சொற்கள்தாம், ஆனால் பிரிக்கும் முறை ஒன்றன்று.

பழைய செய்தித்தாள் மண்ணில் மக்கும். ஆகவே தாயார் அதைப் பச்சைக் கூடையில் போட்டார். இங்கே அது உலர் குப்பை. தேங்காய்ச் சிரட்டையும் நாளடைவில் மக்குவதே. அதையும் அங்கேயே போட்டார். பை திரும்பி வந்தது. "ஏனப்பா, சிரட்டை மக்காதா? இந்த ஊர் மண்ணுக்கு அது கூடத் தெரியாதா?" என்று கேட்டார். நான் விடை கூறவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நிறத்தைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு இயற்றிய விதிகளில், மக்குவதற்குப் பச்சை, மறுசுழற்சிக்கு உரியதற்கு வெள்ளை, ஏனையவற்றுக்குக் கறுப்பு என்று தொட்டிகளுக்கு நிறம் வகுத்தார்கள். 2015-இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி பெங்களூரில் பச்சைத் தொட்டி, சிவப்புத் தொட்டி, ஒரு பை என்ற முறை வந்தது. அங்கே சிவப்பு சுகாதாரக் கழிவுக்கு உரியது. 2017-இல் நாடெங்கும் பச்சை, நீலம் என்று பிரசாரம் செய்தார்கள். 2016-ஆம் ஆண்டு விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. அவற்றின் இடத்தில் வந்த 2026-ஆம் ஆண்டு விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் ரயில்வேக் குடும்பம் ஒன்று ஒவ்வோர் ஊரிலும் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியதாகிறது.

இவ்வாறு கூறுவதால் தூய்மைக்கு நான் பகைவன் என்று எவரும் எண்ண வேண்டா. இந்நகரின் பெருமை தூய்மையால் வந்தது. 1898-இல் மைசூர் சமஸ்தானத்தில் பிளேக் நோய் புகுந்து உயிர்களைக் கொள்ளை கொண்டது. அந்த அடியை மறவாத சமஸ்தானத்தார் 1903-இல் நகர அபிவிருத்திக்கென்றே தனிச் சபை ஒன்றை அமைத்து, அகன்ற வீதிகளும் காற்றோட்டமும் உடைய புதிய பகுதிகளை எழுப்பினார்கள். வீடுகளின் பின்புறம் கழிவை அகற்றுவதற்கென்று விட்ட சந்துகளைப் பழைய பகுதிகளில் இன்றும் காணலாம். 2015-இல் 476 நகரங்களை ஒப்பிட்ட வரிசையிலும், 2016-இல் 73 நகரங்களை ஒப்பிட்ட வரிசையிலும் நாட்டிலேயே முதலிடம் பெற்றது மைசூரு. அந்தப் புகழின் நிழலில் வாழ்பவர்கள் நாம். குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எவ்வளவு பிரிக்க வேண்டும், எதற்காகப் பிரிக்க வேண்டும் என்பதே என் வினா.

வாயிலுக்கு வந்த வழக்காளிகள்

ஒரு மாலை, தாயார் தம் பிறந்த வீட்டின் நடைமுறையை விவரித்தார். அரிசி கழுவிய நீரும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குச் செல்லும். அது பக்கத்து வீட்டு மாட்டுக்கு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க. சாணமும் சருகும் எருக்குழிக்கு. அது ஆடி மாதம் வயலுக்கு. சிரட்டை வெந்நீர் அடுப்புக்கு. பழைய காகிதம் பொட்டலம் கட்டும் மளிகைக் கடைக்கு. ஓட்டைப் பாத்திரமும் துருப்பிடித்த இரும்பும் பேரீச்சம்பழக்காரருக்கு. கிழிந்த புடைவை பாத்திரக்காரிக்கு. எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு வகை. நலக்குழுவின் தாளுக்குச் சற்றும் குறைந்ததன்று! ஆனால் எவரும் அச்சிட்டு ஒட்டவில்லை. எவரும் அபராதம் விதிக்கவில்லை. எவரும் சலிக்கவும் இல்லை.

அது எங்ஙனம் இயன்றது? ஒவ்வொரு குவியலுக்கும் அதைப் பெறுபவர் ஒருவர் இருந்தார். அவர் வாயிலுக்கே வந்தார். அவர் முகம் வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. கழுநீரில் ஊசியைப் போட்டால் மாட்டின் தொண்டை கிழியும் என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் அறிந்திருந்தது. இன்று நம் பை வாயிலைக் கடந்தவுடன் எங்கே போகிறது, யார் பிரிக்கிறார், என்னவாகிறது என்பதை நாம் அறியோம். அறியாத இடத்தில் விதி வெறும் சுமையாகத் தோன்றுகிறது.

இந்த உண்மை அப்போது எனக்குப் புலப்படவில்லை. அதைப் புலப்படுத்திய நிகழ்ச்சியை இனிச் சொல்கிறேன். சொல்வதற்கு நாணமாக இருக்கிறது. எனினும் சொல்லாவிட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

ஊசி

தாயாருக்கு நீரிழிவு. நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். பயன்படுத்திய ஊசிகள் சேரும். நலக்குழுவின் தாளில் பதினெட்டாவது விதி இவ்வாறு கூறிற்று: 'அபாயகரமான கழிவுகள் மாதத்தின் இறுதிச் சனிக்கிழமை காலை 10 முதல் 11 மணி வரை மட்டும் பெற்றுக்கொள்ளப்படும்.' அந்நேரம் நான் அலுவலகத்தில் இருப்பேன். என் மனைவி அப்போது பள்ளி ஒன்றில் வேலையில் இருப்பாள். தாயாருக்குக் கன்னடம் தெரியாது. மேற்பார்வையாளரிடம் பேச அஞ்சுவார். ஒரு மாதம் தவறிற்று. இரண்டு மாதம் தவறிற்று. மூன்றாம் மாதம் சனிக்கிழமையே மறந்து போயிற்று.

ஒரு நாள், பால் உறை சரியாக உலரவில்லை என்று எங்கள் பை திரும்பி வந்தது. எனக்குச் சினம் பொங்கிற்று. மறுநாள் காலை, சேர்ந்திருந்த ஊசிகளைத் தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றில் சுருட்டி உலர் குப்பைப் பையின் அடியில் செருகினேன். பையின் மீது வீட்டு எண்ணையும் எழுதவில்லை. 'எவன் கண்டுபிடிக்கிறான் பார்ப்போம்' என்று எண்ணியது இன்றும் நினைவில் இருக்கிறது.

எட்டு மணிக்கு அலுவலகம் புறப்பட்டேன். தெருக்கோடியில் குப்பை வண்டி நின்றிருந்தது. நாலைந்து பேர் சூழ்ந்திருந்தார்கள். நாள்தோறும் எங்கள் தெருவுக்கு வரும் பௌரகார்மிகப் பெண்மணி, இந்த ஊரில் தூய்மைப் பணியாளரை அப்படித்தான் அழைக்கிறார்கள், தம் வலக்கை விரலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கையுறையைத் துளைத்துக்கொண்டு ஊசி ஏறியிருந்தது. காலடியில் விரிந்து கிடந்தது தமிழ்ச் செய்தித்தாள்.

எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று. காவிரி நீரைப் பற்றிய செய்தி பெரிதாக வரும் நாட்களில் கடைத்தெருவில் உரக்கத் தமிழ் பேசுவதைத் தவிர்த்துக்கொள்ளும் நம் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். எவரும் ஒன்றும் சொல்வதில்லை. எனினும் நாமே அடங்கிக்கொள்கிறோம். அந்தத் தாளைப் பார்த்த மேற்பார்வையாளர் தலையை நிமிர்த்தி மூன்று வீடுகளையும் மாறி மாறி நோக்கினார். பேசாமல் நடந்து போயிருந்தால் என்னை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐயம் மூன்று வீட்டின் மீதும் சமமாக விழுந்திருக்கும். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பத்துப் பன்னிரண்டு அடிகள் அப்படியே நடந்தும் போனேன்.

அப்போது அப்பெண்மணி, "யாருக்கு என்ன நோயோ, தெரியவில்லையே! வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கின்றனவே!" என்று கன்னடத்தில் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்தேன். "அக்கா, அது எங்கள் வீட்டு ஊசி. என் தாயாருடையது. சர்க்கரை நோய்க்குப் போடுவது" என்றேன். மேற்பார்வையாளர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவரைக் கையமர்த்திவிட்டு அப்பெண்மணி என்னிடம் கேட்டது ஒன்றே: "நிஜமாகவா, அண்ணா? உங்கள் அம்மாவுடையதுதானா?" அக்குரலில் கோபமில்லை, ஒரு பிடிப்புக் கிடைத்ததைப் போன்ற ஆறுதல் இருந்தது.

அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். விரலைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவினார்கள். பிறகு மருத்துவர் விளக்கினார். பயன்படுத்திய ஊசி குத்தினால் மஞ்சட்காமாலை வகையைச் சேர்ந்த ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் பற்றக்கூடும். ஊசி யாருடையது என்பது தெரியாவிட்டால் அச்சத்தின் பேரிலேயே 28 நாட்கள் மருந்து உண்ண நேரலாம். அம்மருந்தைக் குத்திய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில் சோதனை. உரியவர் இன்னார் என்று தெரிந்தால் அவருடைய இரத்தத்தைச் சோதித்து உடனே ஒரு முடிவுக்கு வரலாம்.

தாயாரை அழைத்து வந்தேன். நிகழ்ந்ததை அறிந்ததும் அவர் என்னை ஒரு சொல்லும் வையவில்லை. நேரே அப்பெண்மணியின் பக்கத்தில் சென்று அமர்ந்து, அவர் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். இவருக்குத் தெரியாத மொழியில் அவரும், அவருக்குத் தெரியாத மொழியில் இவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தாயாரின் இரத்தத்தில் குறை ஏதுமில்லை என்று முடிவு வந்தது. பெண்மணிக்குத் தடுப்பூசி மட்டும் போதும் என்றார்கள். பின்னர்ச் செய்த சோதனைகளிலும் நலமே. இறைவன் காத்தான், நான் காக்கவில்லை.

பிரிக்கும் இடத்தில் கண்டவை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நம் பை போய்ச் சேரும் இடத்தைக் காண வேண்டும் என்று தோன்றிற்று. குப்பையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எருவாகவும் விற்பனைப் பொருளாகவும் ஆக்கும் நிலையங்கள் மைசூரில் பல உண்டு. குடிமக்களின் கூட்டமைப்பு நடத்திய கும்பாரகொப்பல் நிலையம் வெளியூராரும் வந்து பார்த்த ஒன்று. அத்தகைய நிலையங்களுள் ஒன்றுக்கு என் மகனையும் அழைத்துச் சென்றேன்.

பெண்கள் வரிசையாக அமர்ந்து உலர் குப்பையைக் கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அட்டை, தாள், பால் உறை, தண்ணீர் பாட்டில், தகரம், கண்ணாடி, செருப்பு, துணி என்று குவியல்கள். இந்தக் குவியல்கள் விலை பெறும். ஈரக் குப்பை குழிகளில் எருவாகும். நலக்குழுவின் தாளை நீட்டி, "இவற்றுள் உங்களுக்கு உதவுவன எவை?" என்று கேட்டேன். அவர்களுள் மூத்தவர் சிரித்தார். "பாட்டில் மூடியைத் திருகுவது எங்களுக்கு ஒரு நொடி. வகை வகையாக அடுக்குவதை நாங்கள் செய்துகொள்கிறோம். அதுதானே எங்கள் வேலை! சோற்றையும் குழம்பையும் காகிதத்தோடு கலக்காதீர்கள். குழந்தை அணியாடை முதலியவற்றைத் தனியே பொதிந்து கொடுங்கள். ஊசியையும் உடைந்த கண்ணாடியையும் மூடிய டப்பாவில் போட்டு வாயால் சொல்லிக் கொடுங்கள். அவ்வளவுதான், அண்ணா" என்றார்.

இருபத்து மூன்றில் மூன்று!

காரணத்தையும் அங்கேயே கண்டேன். குழம்பில் ஊறிய காகிதத்தை வாங்குவார் இல்லை; அது விலையை இழந்து குப்பைமேட்டுக்குப் போகிறது. கண்ணாடித் துண்டு கலந்த எருவை உழவர் ஏற்பதில்லை. பால் உறையை ஒருமுறை அலசச் சொல்வதும் வீணன்று. ஒட்டியிருக்கும் பால் புளித்து ஈயும் நாற்றமும் சேர்ந்தால் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்பவர்தாம் அதை நுகர வேண்டும். மூலைத் துண்டின் மர்மமும் விளங்கிற்று: விரல்நுனி அளவுள்ள துண்டை எவராலும் பொறுக்க இயலாது, அது சாக்கடைக்கும் மாட்டின் வயிற்றுக்கும் போகும். ஆனால் இருமுறை அலசுவதும், பத்துப் பத்தாக அடுக்குவதும், புதன்கிழமைக்குக் காத்திருப்பதும் எவருக்கும் பயன்படவில்லை. சிரட்டைக்குத் தனிச் சாக்கு ஏன் என்றதற்கு, அது எருக்குழியில் எளிதில் மக்காமல் நெடுநாள் கிடக்கும் என்றார்கள். தாயாரின் வினாவுக்கும் விடை கிடைத்தது. மண்ணுக்குத் தெரியும், குழிக்குத்தான் அவகாசமில்லை.

பிரிக்காத குப்பையின் முடிவையும் சொல்ல வேண்டும். காற்றுப் புகாமல் புதைந்த ஈரக் குப்பை அழுகி மீதேன் என்னும் வாயுவை விடுகிறது. அது தீப்பற்றும் இயல்பினது. 2023 மார்ச்சு மாதம் கொச்சியை அடுத்த பிரம்மபுரத்தில் குப்பைமேடு தீப்பற்றிப் பத்து நாட்களுக்கு மேல் அந்நகரைப் புகையில் ஆழ்த்திற்று. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகைச் சமையல் செய்துகொண்டிருந்த வீடுகள் அவை. நம் மைசூரிலும் வித்யாரண்யபுரத்துப் பழைய கழிவுநீர்ப் பண்ணை வளாகத்தில் மலிந்த குப்பையின் நாற்றத்தைப் பற்றி அப்பகுதி மக்கள் பல்லாண்டுகள் முறையிட்டிருக்கிறார்கள். ஆதலின் பிரித்தல் என்பது விளையாட்டன்று.

மிகுந்த விதியும் தேர்ந்த விதியும்

அங்ஙனமாயின் விதிகள் பெருகுவது நன்றன்றோ என்று கேட்கலாம். ஜப்பான் நாட்டில் தொகுஷிமா மாநிலத்தைச் சேர்ந்த காமிகாட்சு என்னும் மலைச் சிற்றூரில், குப்பையை நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். மக்கள்தொகை குறைந்த ஊர். குப்பை வண்டியே கிடையாது. மக்களே கொண்டுவந்து வகைப்படுத்துகிறார்கள். எண்பது விழுக்காடு அளவுக்கு மறுபயன் பெறுகிறது. 23-க்கு நாம் சலிக்கையில் அவர்கள் அத்தனை வகைகளை எவ்வாறு தாங்குகிறார்கள்? அங்கே ஒவ்வொரு பெட்டியின் மீதும், இப்பொருள் எங்கே செல்கிறது, என்னவாக மாறுகிறது, இதனால் ஊருக்கு வரவு எவ்வளவு அல்லது செலவு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது, தாயாரின் பேரீச்சம்பழக்காரரைப் பலகையில் எழுதி நிறுத்தியிருக்கிறார்கள். நம் நாட்டு இந்தூர் நகரிலும் ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். ஆனால் வீட்டு வாயிலுக்கு வரும் வண்டியிலேயே அவற்றுக்குத் தனித்தனி அறைகள் உண்டு. வீட்டில் பிரித்ததை வண்டியில் கலக்கும் அவலம் அங்கே இல்லை. மக்கள் ஒத்துழைப்பதற்கு அதுவே பெருங்காரணம்.

என் தொழிலிலும் இந்த வேறுபாட்டைக் காண்கிறேன். மூட்டையின் மீது எடையை எழுதுக என்பது ஒரு விதி. எழுதாவிட்டால் தூக்கும் தொழிலாளியின் முதுகு ஒடியும்; அது கைக்கு உதவும் விதி. ஒரே விவரத்தை நான்கு படிகளில் எழுதுக என்பதும் ஒரு விதி. நான்காம் படியை எவரும் படிப்பதில்லை. அது கணக்குக்கு மட்டும் உதவும் விதி. இரண்டையும் ஒரே தாளில் ஒரே எழுத்தில் அச்சிட்டால் என்ன நேரும்? மக்கள் இரண்டையும் ஒரே அளவில் வெறுப்பார்கள். ஊசியின் விதியும் நீல மையின் விதியும் எனக்கு ஒன்றாகவே தோன்றின. சில்லறை விதிகளின் மீது கொண்ட சினத்தால் உயிர் காக்கும் விதியை மீறினேன். குற்றம் என்னுடையது, ஆனால் அந்தத் தாளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எள்ளிய வீட்டு எண் விதி வீணானதன்று. அன்று பையின் மீது எண் இருந்திருந்தால், என் நாணயத்தை நம்பி அப்பெண்மணி காத்திருக்க வேண்டியிருந்திராது. நீல மைக்குப் பதில் கறுப்பு மையால் எழுதினாலும் அது உதவும் என்பது மட்டுமே என் வாதம்.

இவற்றையெல்லாம் நலக்குழுவின் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். முதலில் என் குற்றத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு தாளைப் பற்றிய குறையைச் சொன்னேன். குற்றவாளி விதியைத் திருத்த வருகிறானா என்று சிலர் முணுமுணுத்தார்கள். மேற்பார்வையாளர்தாம், யான் எதிர்பாராத வண்ணம், எனக்காகப் பேசினார். "பால் உறையைச் சோதித்துக்கொண்டிருந்தேன், ஊசியைச் சோதிக்கவில்லை" என்றார். இரண்டு கூட்டங்களுக்குப் பின் விதிகள் ஆறாகக் குறைந்தன. கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் பெரிய எழுத்தில் அச்சாயின. ஒவ்வொரு விதியின் கீழும் காரணம் ஒரு வரியில் இருக்கிறது. ஊசி டப்பாவை எந்த நாளும் கொடுக்கலாம். பாட்டில் மூடி விதி மட்டும் செயலாளரின் பிடிவாதத்தால் நின்றுவிட்டது, போகட்டும்!

சங்கத்துக் குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் சிறியது. ஈரத்தையும் உலர்ந்ததையும் கலவாதீர்கள். 'மக்கும், மக்காத' என்று ஊரில் படித்ததை இங்கே 'ஈரம், உலர்' என்று மாற்றிப் படியுங்கள். செய்தித்தாள் உலர்ந்தது, வெங்காயத் தோல் ஈரத்தோடு சேர்ந்தது. சுகாதாரத் துணிகளைத் தாளில் பொதிந்து தனியே கொடுங்கள். வீட்டில் இன்சுலின் போடுவோர் இருந்தால், கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, இறுக மூடி, கையில் கொடுத்து வாயால் சொல்லுங்கள். கன்னடம் அறியாத முதியோர் இருப்பின் 'சூஜி இதெ, அக்கா' என்ற சொற்களைக் கற்றுக் கொடுங்கள்; 'ஊசி இருக்கிறது' என்பதே அதன் பொருள். விதி மிகையாகத் தோன்றினால் கூட்டத்தில் எழுந்து காரணம் கேளுங்கள். பையின் அடியில் செருகி வஞ்சம் தீர்க்காதீர்கள். அந்தப் பையைத் திறப்பவர் விதி எழுதியவர் அல்லர்.

என் தாயார் அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டுவிட்டார். காலையில் வண்டியின் ஒலி கேட்டதும் டப்பாவோடு தாமே வாயிலுக்குச் செல்கிறார். அப்பெண்மணி அதை வாங்கி, வண்டியின் முன்புறம் தனியே தொங்கும் வாளியில் வைக்கிறார். பிறகு இருவரும் சற்று நேரம் பேசுகிறார்கள். எந்த மொழியில் என்று நான் கேட்பதில்லை. போன பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் ஒரு தூக்கு நிறைய அவர் வீட்டுக்குப் போயிற்று. தூக்கு திரும்பி வந்தபோது அதில் எள்ளும் வெல்லமும் இருந்தன.